மாவுப்பூச்சிக்கு மாவிளக்கா?

(பொள்ளாச்சியில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சாமியைப் பற்றியதல்ல, சாதியைப் பற்றியதுமல்ல, பூச்சியைப் பற்றியதாகும். "பூச்சியைப் பற்றிப் பேச விவசாய இலாகா அதிகாரி இருக்கிறாரே, இவர்களுக்கு இதில் என்ன வேலை?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஆனால் பூச்சியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சாமியும் வந்து சேருகிறது, சாதியும் வந்து சேருகிறது என்பதைக் கொஞ்ச நேரத்தில் நீங்களே பார்க்கப் போகிறீர்கள்.

இந்தப் பொள்ளாச்சி வட்டாரத்தில் தோப்பு உள்ளவனும் தென்னையை நம்பியிருக்கிறான். தோப்பு இல்லாதவனும் அதில் மரம் ஏறியும் மட்டை உரித்தும் தென்னையைத்தான் நம்பியிருக்கிறான். ஆகவே தென்னையிலிருந்தே ஆரம்பிப்போம். 2016ஆம் ஆண்டில் இவ்வட்டாரத்துத் தோப்புகளில் ஒரு புது மாதிரியான வெள்ளை ஈ காணப்பட்டது. கீற்றின் அடிப்புறத்தில் சுருள் சுருளாக வெள்ளைப் பொடி. அந்தப் பொடிக்குள் முட்டை. அது கீற்றின் சாற்றை உறிஞ்சிவிட்டு, தேன்போல் பிசுபிசுப்பான கழிவைக் கீழே சொட்டுகிறது. அந்தப் பிசுக்கின்மேல் கரும்பூசணம் படர்ந்து, கீழ்க் கீற்றுகளும் ஊடே வைத்த வாழையும் பாக்கும் கரி பூசினதுபோல் ஆகிவிடுகின்றன. வெயில் படவேண்டிய இலையில் கரி படர்ந்தால் மரம் எதைக் கொண்டு காய்க்கும்?

இதைக் கண்ட ஜனங்கள் என்ன செய்தார்கள்? "கண்ணேறு பட்டுவிட்டது" என்றார் ஒருவர். "கலி முற்றிவிட்டது" என்றார் இன்னொருவர். நாம் போய்ப் பார்த்த ஒரு தோப்பில், வாசல் கட்டையில் கோர முகம் எழுதிய திருஷ்டிப் பூசணிக்காய் ஒன்று தொங்கிற்று. பக்கத்தில் போய்ப் பார்த்தோம். அந்தப் பூசணிக்காயின் முகத்திலும் கரும்பூசணம் படர்ந்திருந்தது! தன் முகத்தில் விழுந்த கரியைத் துடைத்துக்கொள்ளமாட்டாத பூசணிக்காய், ஐந்நூறு தென்னைகளின் கண்ணேற்றைத் துடைக்குமா என்று கேட்டோம். தோப்புக்காரர் சிரித்தார். ஆனால் காயைக் கழற்றவில்லை.

தோழர்களே! ஒரு திருடன் ஊருக்குள் வந்தால் நாம் என்ன கேட்கிறோம்? "இவன் யார்? எந்த ஊர்? எந்த வழியாய் வந்தான்? இவனைப் பிடிக்கத் தெரிந்தவன் யார்?" என்று கேட்கிறோம். இந்த நான்கு கேள்வியைப் பூச்சியைப் பார்த்துக் கேட்டவர்கள் பூசாரிகளல்ல, ஆராய்ச்சிக்காரர்கள். கேட்டதனால் பதில் கிடைத்தது. இந்த ஈக்குச் சொந்த ஊர் மத்திய அமெரிக்கா. அங்கே பெலீஸ் என்கிற சிறு தேசத்தில் எடுத்த மாதிரியை வைத்து 2004இல் அதற்குப் பெயரிட்டார்கள். 2009இல் அது வடக்கே புளோரிடாவில் தலைகாட்டிற்று. 2016இல் உங்கள் தோப்புக்கு வந்துவிட்டது. மத்திய அமெரிக்காவிலிருந்து பொள்ளாச்சிக்கு ஓர் ஈ தானாகப் பறந்து வருமா? அனுமார் கடல் தாண்டினது போல என்று வேண்டுமானால் புராணிகர் சொல்லலாம். செடியும் நாற்றும் காயும் கப்பல் ஏறிப் போய்வருகிற உலகத்தில், மனிதன் சுமக்கும் மூட்டைதான் அதற்கு வாகனம். புளோரிடாவிலிருந்த ஈக்குப் பொள்ளாச்சி எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாது.

வந்தது மனிதன் கையால். பெருகினது எதனால்? அதையும் கேட்கவேண்டும்.

2016ஆம் வருஷம் உங்களுக்கு மறந்திருக்காது. அவ்வருஷத்து வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 சதவிகிதம் குறைந்தது. நூற்று நாற்பது வருஷக் கணக்கில் அவ்வளவு குறைந்ததில்லை என்றார்கள். 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சிப் பிரதேசமாகச் சர்க்கார் அறிவித்தது. கோவைப் பட்டணத்துக்குக் குடிநீர் கொடுக்கும் சிறுவாணியே வற்றிற்று. மழை அடித்தால் இந்த மாதிரிப் பூச்சிகள் கழுவுண்டு போகும்; மழை இல்லாமல் காற்று காய்ந்து வெப்பம் ஏறினால் அவற்றுக்குக் கொண்டாட்டம். பூச்சி என்பது நம்மைப்போல் உடம்புக்குள் ஒரே சூட்டை வைத்துக் காக்கும் பிராணியல்ல. வெளியே சூடு ஏறினால், ஓர் அளவு வரைக்கும், அதன் வளர்ச்சியும் வேகமாகிறது. முட்டை சீக்கிரம் பொரிகிறது. குஞ்சு சீக்கிரம் தாயாகிறது. ஒரு கோடையில் நாலு தலைமுறை வந்த இடத்தில் ஐந்து தலைமுறை வந்துவிடுகிறது. தண்ணீருக்குத் தவிக்கும் மரமோ அதே நேரத்தில் எதிர்த்து நிற்கத் திராணியற்றுப் போகிறது.

ஒரு வருஷத்து வறட்சியை மட்டும் பிடித்துக்கொண்டு, "இதோ பருவநிலை மாறிவிட்டது" என்று நாம் சொல்லமாட்டோம். 1876இல் வந்த தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி நம் பாட்டிமார்கள் தங்கள் பாட்டிமார்களிடம் கேட்டதை நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். மழை தவறுவது முன்பும் உண்டு. ஆனால் நிலக்கரியையும் பெட்ரோலையும் எரித்து எரித்துக் கிளப்பிய கரியமில வாயு, பூமியின் சூட்டை வெளியே போகவிடாமல் கம்பளிபோல் மூடிக்கொண்டிருக்கிறது என்பதும், நூற்றைம்பது வருஷத்துக்கு முன் இருந்ததைவிட உலகம் சராசரி ஒரு டிகிரிக்கு மேலாகவே சூடேறிவிட்டது என்பதும் அளந்து பார்த்துச் சொல்லும் கணக்கு. 2024ஆம் ஆண்டு, கணக்கு வைத்த காலம் முதல் எந்த ஆண்டையும்விட வெப்பமான ஆண்டு. வறட்சி வருவது பழைய சங்கதி. அது இந்தச் சூட்டின்மேல் வருவதுதான் புதிய சங்கதி.

இதற்கு நம் நாட்டில் பார்த்த வைத்தியம் என்ன தெரியுமா? கிராமத்தில் கழுதைக்குக் கலியாணம். கொடும்பாவி கட்டி இழுத்தல். பட்டணத்தில் வருண ஜபம். 2019ஆம் ஆண்டில், மழை வேண்டிக் கோவில்களில் யாகம் நடத்தும்படி அறநிலைய இலாகாவிலிருந்தே சுற்றறிக்கை போயிற்று. நடந்தது என்ன? ஜூன் மாதம் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் காய்ந்து, ஜனங்கள் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றார்கள். ஆகஸ்டு மாதம் 8ஆம் தேதி, நம் பக்கத்து நீலகிரியில் அவலாஞ்சி என்ற இடத்தில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று! கோயமுத்தூரில் ஒரு வருஷம் முழுவதும் பெய்வதே ஏறக்குறைய அவ்வளவுகூட இல்லை. ஜபம் செய்தவர்களைக் கேட்டால், "மழை வந்ததா இல்லையா?" என்பார்கள். விலாசம் தவறிப் போனதா, அல்லது வருணனுக்குக் கணக்குத் தெரியாதா என்று நாம் கேட்கிறோம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சின்னக்கல்லாறு இங்கிருந்து மலையேறினால் எட்டிவிடும் தூரம். அங்கே வருஷத்துக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மலை இறங்கிக் கோவைக்கு வந்தால் 600, 700 மில்லிமீட்டர். காங்கேயத்துக் கொறங்காட்டில் அதுவும் சந்தேகம். காரணம் தெய்வமல்ல, தென்மேற்குக் காற்றை மலை மறித்து, மழையை அந்தப் பக்கமே கறந்துகொள்கிறது. ஆகவே உலகத்துக்குச் சூடு ஒரு டிகிரி ஏறிற்று என்றால், மலைமேல் மண் சரிவதும், மலையடியில் தென்னை கரிவதும், மேட்டாங்காட்டில் கிணறு வற்றுவதும் ஒரே காரணத்தின் வெவ்வேறு முகங்கள்தான். ஜில்லா முழுவதுக்கும் ஒரே மருந்து என்று எந்த அதிகாரி சொன்னாலும் நம்பாதீர்கள்.

ஊருக்கு ஊர் வேறுபடுவது மட்டுமா? தெருவுக்குத் தெருவும் வேறுபடுகிறது. அதே 2019இல் டிசம்பர் 2ஆம் தேதி, மேட்டுப்பாளையம் நடூரில், இரவு பெய்த மழையில் ஒரு பெரிய மதில் சுவர் இடிந்து, அதன் அடியில் குடியிருந்த தாழ்த்தப்பட்ட மக்கள் 17 பேர் தூங்கின இடத்திலேயே மாண்டார்கள். அந்த மழை மதிலுக்கு அந்தப் பக்கத்திலும்தானே பெய்தது? செத்தவர்கள் மட்டும் ஏன் இந்தப் பக்கத்தார்? "மழைக்கு ஏது சாதி?" என்று அழகாய்ப் பேசுகிறவர்களை நாம் நடூருக்குப் போய்ப் பேசச் சொல்கிறோம்.

இது நிற்க. பூச்சிக்கு வருவோம்.

வெள்ளை ஈ வருவதற்கு எட்டு வருஷம் முன்னாலேயே, 2008இல், கோயமுத்தூரில் வேறொரு விருந்தாளி வந்தது. பப்பாளி மாவுப்பூச்சி. இந்தியாவிலேயே அது முதன்முதல் கண்டுபிடிக்கப்பட்டது நம் கோவையில்தான். மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் அதன் தாயகம். பப்பாளியோடு நிற்கவில்லை, மல்பெரி, குச்சிக்கிழங்கு, பருத்தி, கத்தரி, செம்பருத்தி எல்லாவற்றிலும் சுண்ணாம்பு அடித்தாற்போல் ஏறிற்று. பப்பாளிக்காரன் மருந்து அடித்துப் பார்த்தான். மாவுப்பூச்சியின் உடம்பு முழுதும் மெழுகு. மருந்து ஒட்டாமல் வழிந்து போயிற்று. மல்பெரிக்காரன் கதி அதைவிடக் கஷ்டம். அவன் மருந்தே அடிக்க முடியாது. விஷம் அடித்த தழையைப் போட்டால் பட்டுப்புழு செத்துப் போகும். அடிக்காவிட்டால் போடுவதற்குத் தழை இராது. உடுமலை, ஈரோடு பக்கங்களில் மல்பெரிச் செடியையே வேரோடு பிடுங்கி எறிந்தவர்கள் உண்டு.

அப்பொழுது ஒரு கேள்வி எழுந்தது. அந்தக் கேள்விதான் இன்றையப் பேச்சுக்கு உயிர். மெக்சிகோவில் இதே பூச்சி ஆதிகாலம் முதல் இருக்கிறதே, அங்கே பப்பாளி ஏன் அழியவில்லை? அங்குள்ளவர்கள் நம்மைவிட அதிகமாக விளக்குப் போடுகிறார்களா? இல்லை. அங்கே அதற்கு எதிரி இருக்கிறது. கடுகைவிடச் சிறிய ஒரு குளவி. அது மாவுப்பூச்சியின் உடம்பில் முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வரும் புழு, பூச்சியை உள்ளிருந்தே தின்று, கூடாக்கி, ஓட்டையிட்டு வெளியே பறக்கிறது. பூச்சி கப்பலேறினபோது எதிரியை ஊரிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டது. எதிரியில்லாத ஊரில் யாரும் ராஜாதானே!

ஆகவே 2010இல், இந்த மாதிரிக் குளவிகள் மூன்று வகையைப் போர்ட்டோரிக்கோ தீவிலிருந்து பெங்களூரிலுள்ள மத்திய சர்க்காரின் பூச்சி ஆராய்ச்சி நிலையத்தார் தருவித்தார்கள். உடனே திறந்து விட்டுவிடவில்லை. அடைத்து வைத்து, இவை வேறு எதையாவது தாக்குமா, பட்டுப்புழுவைத் தொடுமா என்று சோதித்துப் பார்த்த பிறகே, கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் மூலமாகவும் பிறர் மூலமாகவும் வெளியே விட்டார்கள். ஒரு வருஷம் போவதற்குள் மாவுப்பூச்சி அடங்கிற்று. பிடுங்கி எறிந்தவர்கள் மறுபடி மல்பெரிக் குச்சி நட்டார்கள். இதற்கு யாருக்காவது தேர் இழுத்தோமா? அந்தக் குளவியின் பெயராவது நம் ஜனங்களுக்குத் தெரியுமா?

சோதனை செய்த பிறகு விட்டார்கள் என்று ஏன் அழுத்திச் சொல்லுகிறோம் என்றால், சோதிக்காமல் விட்ட கதையும் உலகத்தில் உண்டு. 1935இல் ஆஸ்திரேலியாவில் கரும்பு வண்டைத் தின்னும் என்று ஒரு தேரையைக் கொண்டுவந்து விட்டார்கள். அது வண்டைத் தின்னவில்லை, நாட்டையே தின்றுகொண்டிருக்கிறது. நம் ஊரிலும் அழகுக்கு என்று வெள்ளைக்காரன் தோட்டத்தில் வைத்த உண்ணிச்செடி இன்று சத்தியமங்கலம், முதுமலைக் காடுகளில் புல் முளைக்கவிடாமல் மண்டிக் கிடக்கிறது. விறகுக்கென்று நீலகிரியில் வைத்த சீகை மரம் சோலைக்குப் பக்கத்துப் புல்வெளியை விழுங்கிற்று. படித்தவன் செய்தான் என்பதற்காக எதையும் நாம் ஒப்புக்கொள்வதில்லை. எப்படிச் செய்தான் என்று கேட்கிறோம்.

இப்பொழுது குச்சிக்கிழங்கு. பொள்ளாச்சிக்காரருக்கு இது பெரிய விஷயமல்ல. ஆனால் ஈரோடு, நாமக்கல், சேலம் பக்கத்துக் கொங்குச் சீமைக்கு இதுவே சோறு. 2020இல் கேரளத்தில் திருச்சூர்ப் பக்கம் மரவள்ளி மாவுப்பூச்சி என்ற இன்னொரு தினுசு காணப்பட்டது. சீக்கிரமே நம் பக்கத்துக்கு வந்துவிட்டது. நுனிக் கொழுந்து சுருண்டு, முருங்கைக்காய்க் கணுப்போல் குறுகி, செடி குட்டையாய் நின்றுவிடும். கிழங்கு பருக்காது.

இந்தப் பூச்சியிடம் ஒரு விசேஷம். இதில் ஆணே கிடையாது. எல்லாம் பெண். கலியாணம், ஜாதகப் பொருத்தம், தாலி, முகூர்த்தம் ஒன்றும் இல்லாமல் ஒவ்வொன்றும் தானாகவே சில நூறு முட்டை இடுகிறது. ஒரு குச்சியில் ஒரே ஒரு பூச்சி ஒட்டிக்கொண்டு வந்தாலும் போதும், காடு நிறைந்துவிடும். சிறகில்லாத பெண் பூச்சி எப்படி ஜில்லா விட்டு ஜில்லா போயிற்று? விதைக்குச்சிக் கட்டு லாரியில் போயிற்று; பூச்சியும் டிக்கெட் இல்லாமல் போயிற்று.

இதே பூச்சி 1970களின் ஆரம்பத்தில் தென்னமெரிக்காவிலிருந்து ஆப்பிரிக்காவில் காங்கோ தேசத்துக்குப் போய்விட்டது. அங்கே இந்தக் கிழங்குதான் கோடிக்கணக்கான ஜனங்களுக்கு மூன்று வேளைச் சாப்பாடு. கிழங்கு போயிற்று என்றால் பட்டினி என்று அர்த்தம். ஹான்ஸ் ஹெர்ரன் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் தலைமையில் ஆராய்ச்சிக்காரர்கள் பூச்சியின் சொந்த ஊரைத் தேடிக்கொண்டு போனார்கள். 1981 வாக்கில் பராகுவே தேசத்தில் அதன் எதிரியான குளவியைக் கண்டுபிடித்தார்கள். வளர்த்து ஆப்பிரிக்காவில் இருபதுக்கும் மேற்பட்ட தேசங்களில் பரப்பினார்கள். அதற்காக ஹெர்ரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. 2008இல் அதே பூச்சி சயாம் தேசத்துக்குப் போயிற்று. அங்கே கிழங்கு மாவு பெரிய ஏற்றுமதி வியாபாரம். அவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து குளவியைத் தருவித்து, 2010இல் விமானத்திலிருந்துகூடத் தூவினார்கள். நமக்கு அந்தக் குளவி பெனின் தேசத்திலிருந்து 2021இல் வந்து, சோதனை முடிந்து, 2022 மார்ச்சில் சேலம் ஜில்லா ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து விடப்பட்டது.

ஒரே பூச்சி! காங்கோவில் அது வயிற்றில் அடித்தது. சயாமில் வியாபாரத்தில் அடித்தது. நாமக்கல்லில் குத்தகைக்காரனை அடித்தது. மழை அதிகமான சீமையில் அதன் கொட்டம் குறைவு. வெயில் காயும் சீமையில் அதிகம். எந்த மண்ணில் இறங்குகிறது, என்ன மழை பெய்கிறது, நிலம் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அதே பூச்சி வேறு வேறு பூச்சியாகிவிடுகிறது.

ராசிபுரம் பக்கத்தில் நாம் பார்த்த ஒரு குடியானவர் குச்சிக்காட்டில் பூச்சி கண்டதும் காட்டம்மனுக்கு மாவிளக்கு எடுத்தார். அடங்கவில்லை. ஆடு வெட்டினார். ஆடு போயிற்று, பூச்சி போகவில்லை. பிறகு மருந்துக் கடைக்குப் போனார். கடைக்காரர் காட்டைப் பார்க்கவில்லை, இலையைப் பார்க்கவில்லை. ஒரு டப்பாவைக் கொடுத்தார். அது கேட்காமல் போகவே, "வீரியம் போதவில்லை" என்று இன்னொரு டப்பாவைக் கொடுத்தார். மூன்றாம் தடவை இரண்டையும் கலந்து அடிக்கச் சொன்னார். தோழர்களே, பூசாரியும் இதைத்தானே செய்கிறான்? முதல் பரிகாரம் பலிக்காவிட்டால் இரண்டாம் பரிகாரம். அதுவும் பலிக்காவிட்டால் "உன் பக்தி போதாது". ஒரு பூசாரியை விட்டு இன்னொரு பூசாரியிடம் போனதற்குப் பெயர் பகுத்தறிவாகுமா? மாவிளக்காவது காட்டைக் கெடுக்கவில்லை. இந்த டப்பா விஷம் மெழுகுக்குள் உள்ள மாவுப்பூச்சியை விட்டுவிட்டு, வெளியே பறக்கும் குளவியைக் கொன்றுவிடுகிறது. அத்துடன் மூக்கை மூடத் துணிகூட இல்லாமல் தெளிக்கிற பண்ணையாளின் நுரையீரலுக்குள்ளும் போகிறது.

ஒரு நண்பர் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். "அந்தக் குளவியையும் கடவுள்தானே படைத்தார்?" என்று கேட்கிறார். நல்ல கேள்வி. அப்படியானால் பூச்சியை நாமக்கல்லிலும் குளவியை பராகுவேயிலும் வைத்தவர் யார்? நோயாளியைப் பொள்ளாச்சியில் படுக்கவைத்துவிட்டு மருந்தை மெக்சிகோவில் ஒளித்துவைக்கும் வைத்தியரை நீங்கள் இரண்டாம் முறை கூப்பிடுவீர்களா? தேடிக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தவன் மனிதன். அவனுக்குக் கொடுக்கவேண்டிய கூலியை வேறொருவர் கணக்கில் எழுதவேண்டாம் என்றுதான் நாம் சொல்கிறோம்.

கர்ம பலன் என்று சொல்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நூறு, நூற்றைம்பது வருஷமாக நிலக்கரியை அதிகமாய் எரித்துச் செல்வம் சேர்த்தவர்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்தார்கள்; இன்று நம் தேசத்துப் பெரிய ஆலைக்காரர்களும் எரிக்கிறார்கள். காய்ந்து போனது யாருடைய காடு? சைக்கிளைத் தவிர வேறு வண்டி அறியாத நாமக்கல் குத்தகைக்காரனுடைய காடு. செய்தவன் ஒருவன், அனுபவிக்கிறவன் ஒருவன். இவனைப் பார்த்து "நீ போன ஜன்மத்தில் செய்த பாவம்" என்று சொன்னால், அது எரித்தவனுக்குச் செய்யும் உபகாரமேயல்லாமல் வேறென்ன?

இன்னொரு கூட்டத்தார் கிளம்பியிருக்கிறார்கள். "எல்லாக் கேடும் அந்நியச் செடியால், அந்நியப் பூச்சியால் வந்தது, அந்நியமானதெல்லாம் விஷம், நம் மண்ணில் பிறந்தது மட்டுமே சுத்தம்" என்கிறார்கள். கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் குச்சிக்கிழங்கு எந்த ஊர்? தென்னமெரிக்கா. மிளகாய்? தக்காளி? மக்காச்சோளம்? நிலக்கடலை? புகையிலை? எல்லாம் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. கோயமுத்தூர் ஆலைகளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த கம்போடியாப் பருத்தி பெயரிலேயே ஊரைச் சுமந்துகொண்டிருக்கிறது. வடநாட்டில் விரத நாளில் சோறு தீட்டு என்று ஒதுக்கிவிட்டு ஜவ்வரிசி உப்புமா தின்கிறார்களே, அந்த ஜவ்வரிசி சேலத்து ஆலைகளில் இந்த அமெரிக்கக் கிழங்கிலிருந்து செய்ததுதான். யுத்த காலத்தில் மலேயா ஜவ்வரிசி வருவது நின்றுபோனதால்தான் சேலத்தில் இத்தொழிலே பிறந்தது. அந்நியக் கிழங்கு ஆசாரமாகிவிட்டது. அந்நியப் பூச்சி மட்டும் அபசாரமாம்! ஊர் விட்டு ஊர் வந்தது குற்றமல்ல. எதிரியில்லாமல் வந்து, மற்றதை வாழவிடாமல் பெருகுவதுதான் தொல்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் பேசுகிறவர்கள் இன்று செடியைப் பார்த்து 'வந்தேறி' என்பார்கள். நாளை மில்லில் வேலைக்கு வந்த வெளியூர்க் கூலியாளைப் பார்த்து அதையே சொல்வார்கள். அதற்கு நம் மேடையில் இடமில்லை.

சீமைக் கருவேலத்தைப் பற்றியும் இப்படித்தான் ஒரு புரளி, கைக்குக் கை செல்போனில் ஓடிற்று. அது ஆகாயத்து ஈரத்தை உறிஞ்சி மழையைத் தடுத்துவிடுமாம்! அது ஆழமாய் வேர்விட்டு மற்றச் செடியை நெருக்குவது உண்மை. குளத்தை அடைப்பது உண்மை. மேகத்தை உறிஞ்சுவது புராணம். 2017இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை அதை வெட்டச் சொல்ல, ஊர் ஊராய் வெட்ட, அதே வருஷத்தில் இடைக்காலத் தடையும் வந்தது. காங்கேயத்து மேய்ச்சல் காட்டுக்கு அது எமன்; இராமநாதபுரத்துக் கரிமூட்டக் கூலியாளுக்கு அது கஞ்சி. வெட்டுகிற இடத்தில் வெட்டத்தான் வேண்டும். வெட்டின பிறகு அங்கே என்ன வைப்பது, கரிமூட்டக்காரன் எங்கே போவது என்பதையும் வெட்டுகிறவனே சொல்லவேண்டும்.

சர்க்காருக்கும் நாம் சொல்ல வேண்டியது உண்டு. குளவியைக் கொண்டுவந்தது சரி. ஆனால் 2020இல் பூச்சி தெரிந்து 2022இல் குளவி பறந்தது. சோதனைக்குக் காலம் வேண்டும், அதை நாம் குறைசொல்லவில்லை. அந்த இடைக்காலத்தில் விதைக்குச்சி லாரியைச் சோதிக்க எத்தனை இடத்தில் ஆள் நிறுத்தினார்கள்? அப்புறம் நஷ்டஈடு. அதைப் பட்டாவைப் பார்த்துக் கொடுத்தால் பட்டாக்காரன் கைக்குப் போகும். வாரத்துக்குப் பயிரிட்டவன் பெயர் எந்தக் காகிதத்தில் இருக்கிறது? கிழங்கு பிடுங்கவும் தோல் சீவவும் போகும் பெண்கள் பெயர் எந்தக் காகிதத்தில் இருக்கிறது? அவர்களில் பெரும்பாலோர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். பூச்சியைப் பற்றிப் பேசினால் சாதி வந்து சேரும் என்று முதலில் சொன்னது இதைத்தான்.

இனிக் குச்சிக்காரர்கள் கவனிக்க வேண்டியது. பூச்சி கண்ட காட்டிலிருந்து விதைக்குச்சி எடுக்காதீர்கள். யார் எவ்வளவு மலிவாய்க் கொடுத்தாலும் வாங்காதீர்கள். சுருண்ட நுனியைக் கிள்ளி அங்கேயே எரித்துவிடுங்கள். சுமந்துகொண்டு வழியெல்லாம் உதிர்க்காதீர்கள். எறும்பைக் கவனியுங்கள். மாவுப்பூச்சி சொட்டும் இனிப்புக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும், குளவியை அண்டவிடாது. குளவி விட்ட காட்டில் விஷம் தெளிக்காதீர்கள். பூச்சி கருத்து, உப்பி, ஓட்டை விழுந்து கிடந்தால் பயப்படாதீர்கள்; குளவி வேலை செய்துவிட்டுப் போனதற்கு அதுதான் அடையாளம்.

இரண்டாவது சீட்டு, ஒரு தென்னைக்காரர் எழுதியது. "வெள்ளை ஈ ஒவ்வொரு கோடையிலும் திரும்பி வருகிறது. மரத்தை வெட்டிவிடலாமா?" என்கிறார். வெட்டாதீர்கள். வெள்ளை ஈ காய்ப்பைக் குறைக்கும், மரத்தைக் கொல்லாது. அதற்கும் ஒரு குளவி உண்டு. முன்னமே வேறொரு வெள்ளை ஈயோடு இந்நாட்டுக்கு வந்துசேர்ந்தது. விஷம் அடிக்காத தோப்பில் அது தானாகவே பெருகி, ஈயை மடக்கி வைக்கிறது. கரும்பூசணத்தைத் தின்னும் ஒரு சிறு வண்டும் உண்டு. கீற்றின் அடியில் படும்படி தண்ணீரை வேகமாய்ப் பீய்ச்சுங்கள். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவி மரத்துக்கு மரம் கட்டுங்கள். கரி படர்ந்த கீற்றில் நீர்த்த கஞ்சிப் பசை தெளித்தால், காய்ந்து செதிலாய் உதிரும்போது கரியையும் உரித்துக்கொண்டு போகும். எல்லாம் சேர்ந்தும் ஈ அடியோடு ஒழிந்துவிடாது. அப்படி ஒழிப்பதாக எந்தக் கடைக்காரன் சொன்னாலும் அவனிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் கீற்று மஞ்சள் பாய்ந்து, விலா எலும்புபோல் உள்பக்கம் வளைந்து, தளர்ந்து தொங்கினால் அது வெள்ளை ஈ அல்ல. அது வாடல் நோய். அதற்குக் காரணம் வேறு, வழி வேறு. முற்றின மரத்தை அப்புறப்படுத்தும்படியும் ஆகலாம். எது எது என்று பார்த்துச் சொல்ல ஆழியார் நகரில் தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இங்கிருந்து பஸ்ஸில் போய்விடலாம். ஒரு கீற்றை மூட்டையாய்க் கட்டாமல், ஒரு பையில் போட்டு வாயை இறுகக் கட்டி எடுத்துக்கொண்டு போய், வெட்டுவதற்கு முன்னே காட்டுங்கள்.